கலைச்சொல் உதவி: 'முல்லர்' எந்த வகைப் பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

ஜெர்மன் குடும்பப்பெயர்களைப் பற்றித் தமிழில் சிறு சிறு பதிவுகளாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பெயர் முல்லர். முதல் வரியிலேயே சிக்கல். 'முல்லர் ஒரு ஜெர்மானியத் தொழிற்பெயர்' என்று எழுதினேன், உடனே அழித்தேன். தொழிற்பெயர் என்றால் நமக்கு நடத்தல், ஆடல், கேடு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதுதான் பாடம். அந்தச் சொல்லை ஒரு குடும்பப்பெயர் வகைக்குக் கொடுத்தால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

போன வாரம் இங்கே கேட்டபோது பணிப்பெயர், குலத்தொழில் பெயர், வினைப்பெயர் என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் முல்லரின் கதையோடு பொருத்திப் பார்த்தேன். அதனால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாவு அரைக்கும் ஆலையை நடத்துபவர் முல்லர். பிற்கால லத்தீனில் மொலினா என்றால் அரவை ஆலை, மொலினாரியுஸ் அதை நடத்துபவர். ரோமானியர்களின் நீராலையோடு சொல்லும் சேர்ந்து வந்தது. பழைய ஜெர்மனில் முலினாரி, இடைக்காலத்தில் முல்னர், பிறகு முல்லர். கையால் சுற்றும் திரிகைக்கு அங்கே சொந்தச் சொல் இருந்தது. ஆலை பரவியபின் அது ஒதுங்கிவிட்டது. ஆங்கிலத்தின் மில்லுக்கும் மூலம் அதே மொலினாதான். அப்படிப் பார்த்தால் நம் தெருமுனை மாவு மில்லின் 'மில்'லும் மாக்ஸ் முல்லரின் 'முல்'லும் ஒரு தாய்ப் பிள்ளைகள். இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

உறவுகள் இன்னும் உண்டு. வட ஜெர்மனியில் மொல்லர், டச்சில் முல்டர், ஹங்கேரியில் மோல்னார், உக்ரைனில் மெல்னிக், இத்தாலியில் மொலினாரி. படித்த குடும்பங்கள் சில தம் பெயரை லத்தீனாக்கி மொலிட்டோர் என்று வைத்துக்கொண்டன. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய முல்லர்கள் பலர் அங்கே மில்லர் ஆனார்கள்.

இன்று ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப்பெயர் இதுதான். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஒருவரை ஒட்டி வரும். சுவிட்சர்லாந்திலும் முல்லருக்குத்தான் முதலிடம். ஏன் இப்படி? ஊரில் உழவர்தானே அதிகம், உழவரைக் குறிக்கும் பவுவர் அல்லவா முதலில் நிற்க வேண்டும்? இங்கேதான் பெயர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிகிறது. ஊரே உழும்போது 'உழவர் ஹான்ஸ்' என்று சொன்னால் யாரென்று தெரியாது. ஆலையோ ஊருக்கு ஒன்று. ஆற்றுநீரில் உரிமை வேண்டும், கட்டப் பெரும் பணம் வேண்டும், நிலப்பிரபுவின் அனுமதி வேண்டும். பல இடங்களில் குறிப்பிட்ட ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று குடியானவர்களுக்குக் கட்டாயமே இருந்தது. ஆகவே 'ஆலைக்கார ஹான்ஸ்' என்றால் ஊரில் ஒருவர்தான். ஆயிரக்கணக்கான ஊர்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இதே பெயர் முளைத்தது. ஏழு லட்சம் பேரும் ஒரே மூதாதையின் வாரிசுகள் அல்லர். இதை என் பதிவில் அழுத்தமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நம்மில் பலர் குடும்பப்பெயர் என்றதும் ஒரே வம்சம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சாக்சன் சட்ட நூலில் ஒரு விதி உண்டு: ஆலைக்கு முதலில் வந்தவனே முதலில் அரைக்க வேண்டும். முந்தியவருக்கே முதலிடம் என்று சொல்ல ஜெர்மானியர் இன்றும் அந்த வாக்கியத்தைத்தான் பழமொழியாக எடுக்கிறார்கள். ஆலையின் முன் மூட்டையோடு நின்ற வரிசை அவர்கள் பேச்சில் இன்னும் கலையவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

'குலத்தொழில் பெயர்' எனக்கு உடன்பாடில்லை. பிறப்பைக் காட்டி ஒதுக்குவது அங்கேயும் இருந்தது என்பது உண்மை. கூலியாக மாவில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டதால் ஆலைக்காரர் மீது எப்போதும் திருட்டுச் சந்தேகம். அவர் பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்களில் சேர்க்க மறுத்த ஊர்கள் உண்டு. அது கூடாதென்று 1548ஆம் ஆண்டின் பேரரசு ஆணையே சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் குடும்பப்பெயர் அந்த ஒதுக்கலின் முத்திரையாக நிலைக்கவில்லை. முல்லரின் மகன் தையற்காரரானான், பேரன் பாதிரியாரானான், பெயர் மட்டும் முல்லராகவே நின்றது. குலத்தொழில் என்று எழுதினால் நம் வாசகர் மனத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்த மண் இது. அந்தப் பட்டங்களோடு முல்லரை ஒரே கூடையில் போட எனக்கு மனமில்லை.

'பணிப்பெயர்' எளிது. ஆனால் எழுத்தர், உதவியாளர் என்று இன்று ஒருவர் வகிக்கும் வேலையின் பெயரையே அது சொல்கிறது. முல்லர் இன்று பார்க்கும் வேலைக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு வேண்டியதில்லை.

'வினைப்பெயர்' என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. தொல்காப்பியம் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை அடுக்கும்போது நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர், பண்புகொள் பெயர் என்று போகிறது. வினைப்பெயருக்கு உரையில் வரும் எடுத்துக்காட்டுகள் தச்சன், கொல்லன். ஷ்மிட் என்ற ஜெர்மன் பெயருக்குக் கொல்லர் என்றே பொருள்! அங்குள்ள பெயராய்வாளர்கள் குடும்பப்பெயர்களை ஐந்தாகப் பிரிக்கிறார்கள்: ஒருவரின் இயற்பெயரிலிருந்து வந்தவை, வந்த ஊரைச் சொல்பவை, குடியிருந்த இடத்தைச் சொல்பவை, தொழிலைச் சொல்பவை, உருவத்தையோ குணத்தையோ சொல்பவை. பொஹீமியாவிலிருந்து வந்தவர் பொம், அது நிலப்பெயர். கறுத்தவர் ஷ்வார்ட்ஸ், சிறியவர் க்ளைன், இவை பண்புகொள் பெயர்கள். ஐந்தில் மூன்றுக்குத் தொல்காப்பியத்தில் இடம் இருக்கிறது.

அப்படியிருந்தும் வினைப்பெயரை எடுக்கத் தயங்குகிறேன். இன்றைய வாசகருக்கு வினை என்றால் வினைச்சொல். தொழிற்பெயரில் வந்த அதே குழப்பம் வேறு வாசல் வழியே வந்துவிடும். இன்னொன்று, தச்சன் என்று அழைக்கப்பட்டவர் மரவேலை செய்துகொண்டிருந்தார். முல்லர் அரைப்பதை நிறுத்திப் பல தலைமுறை ஆகிறது. நன்னூல் வழியில் சொன்னால், முதல் முல்லருக்கு அது காரணப்பெயர். ஆலையை விட்ட மகனுக்கு அது இடுகுறி. காரணம் உதிர்ந்து பெயர் நிற்கும் அந்த இடத்தில்தான் குடும்பப்பெயர் பிறக்கிறது. நம் கலைச்சொல் அந்த உதிர்வைக் காட்ட வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: தொழில்வழிப்பெயர். 'வழி' என்றால் அங்கிருந்து வந்தது, இப்போது அங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை. மற்ற வகைகளுக்கும் இதே முறை பொருந்தும்: ஊர்வழிப்பெயர், இருப்பிடவழிப்பெயர், பண்புவழிப்பெயர், தந்தைவழிப்பெயர். 'தொழில்சார் பெயர்' என்றும் வைக்கலாம், ஆனால் அதில் அந்தப் பழைய வரவு தெரியவில்லை.

எண்ணிக்கை பற்றியும் ஒரு கேள்வி. ஒரு பெயர் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை 'அதிர்வெண்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஒலிக்கும் அலைக்கும் உரியது. புள்ளியியலில் நிகழ்வெண் என்கிறோம். எது ஏற்கலாம்?

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

—

அன்புத் தம்பிக்கு,

நல்ல ஆராய்ச்சி. ஆனால் கையில் நெல்லிக்கனி இருக்கப் புளியங்காய் தேடுவானேன்? தச்சன், கொல்லன் என்று உரைகாரர்களே காட்டியபின் வினைப்பெயரை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாசகருக்குப் புரியாது என்று ஒவ்வொரு பழஞ்சொல்லாக விட்டால் கடைசியில் என்ன மிஞ்சும்? பழக்கினால் பழகிவிடும். அப்புறம் இன்னொன்று. ஷுல்ஸ் என்ற பெயர் ஊர்த்தலைவரைக் குறிக்கும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அது பதவி, தொழில் அல்லவே? தொழில்வழி என்று எப்படிச் சொல்வீர்கள்?

—

வணக்கம் அண்ணா.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். தொழில்வழிப்பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'தந்தைவழிப்பெயர்' சரிவராது. எங்களுக்குத் தந்தைவழி என்றால் பெரியப்பா, சித்தப்பா, மாமி பக்கத்துச் சொந்தம். ஜெர்மனியில் எல்லாக் குடும்பப்பெயரும் பெரும்பாலும் தகப்பன் பக்கமாகத்தானே வந்தது, முல்லரும் அப்படித்தான் வந்தது.

எங்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. இங்கே வந்து பதிந்தபோது அப்பாவின் பெயர் எனக்கும் என் சொந்த அண்ணாவுக்கும் குடும்பப்பெயராகிவிட்டது. அப்பாவின் பத்திரத்திலோ அவருடைய அப்பாவின் பெயர். ஒரே வீட்டில் ஏன் இரண்டு குடும்பப்பெயர் என்று அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது. பிறகு அண்ணாவின் மகன் பிறந்தான். ஊர் வழக்கப்படி என்றால் அவன் பெயரோடு அண்ணாவின் பெயர் வர வேண்டும். ஆனால் பதிவானது எங்கள் அப்பாவின் பெயர். அந்த இடத்தில் பெயர் உறைந்துவிட்டது. இனிமேல் அது நகராது.

இந்த நாட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது. வடக்கே ஷ்லெஸ்விக் பகுதியில் தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. 1771இல் அரச ஆணை வந்துதான் நிலையான பெயர் வைக்கச் சொன்னது. கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் நெப்போலியன் காலத்தில், 1811இல். பேட்டர்ஸ் என்று இன்று பெயர் உள்ளவரின் தகப்பன் பேட்டர் அல்ல, எப்போதோ ஒரு மூதாதை பேட்டர். தாயின் பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர்களும் உண்டு. ஆகவே 'இயற்பெயர்வழிப்பெயர்' என்று வைத்தால் என்ன? தகப்பன், தாய், பாட்டன் யாருடைய இயற்பெயரானாலும் அதில் அடங்கும்.

எண்ணிக்கைக்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் கணக்கிலும் பௌதிகத்திலும் மீடிறன் என்றுதான் படித்தோம். நிகழ்வெண் இங்கு வந்தபின் இணையத்தில் பார்த்த சொல். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் உதவும்.

ஒன்று கவனியுங்கள். மையர் என்ற பெயர் இங்கே நாலைந்து எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. லோயர் சாக்சனிப் பக்கம் ஒன்று, தெற்கே வேறு. நாடு முழுவதும் அரசுப் பதிவேடு 1876இல் வந்தபின் எப்படி எழுதினார்களோ அப்படியே நின்றுவிட்டது. தமிழில் எல்லாம் மையர் என்றே வரும். பட்டியலில் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். தமிழில் படிப்பவர் ஒன்றாக நினைத்துக்கொள்வார்.

—

ஐயாவுக்கும் தங்கைக்கும் வணக்கம்.

தங்கையின் 'இயற்பெயர்வழிப்பெயர்' அருமை. அப்படியே எடுத்துக்கொள்கிறேன், தந்தைவழியைக் கைவிடுகிறேன். உங்கள் அண்ணன் மகனின் கதை நான் படித்த எந்த விளக்கத்தைவிடவும் தெளிவாக இருந்தது.

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. வினைப்பெயரை நான் தூக்கிப் போடவில்லை. பதிவின் இரண்டாம் பத்தியில் தொல்காப்பிய வகைப்பாட்டைச் சொல்லி, இந்த வகைக்கு மூத்த பெயர் அதுதான் என்று எழுதுவேன். நடைமுறைச் சொல்லாக மட்டும் தொழில்வழிப்பெயர் இருக்கட்டும்.

ஷுல்ஸ் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஷுல்ட்ஹைஸ் என்பதன் சுருக்கம் அது. கடமையை, செலுத்த வேண்டியதைச் செலுத்தச் சொல்பவர் என்பது மூலப்பொருள். நம் ஊர் மணியக்காரரை நினைத்தால் பொருத்தமாக இருக்கும். மையரும் இப்படியே: லத்தீன் மாயோரிலிருந்து வந்தது, பண்ணையை மேற்பார்த்தவர். ஜெர்மானிய ஆய்வாளர்கள் இவற்றையும் தொழில் வகைக்குள்ளேயே வைக்கிறார்கள். பழந்தமிழில் தொழில் என்ற சொல்லும் செய்கை எல்லாவற்றையும் தழுவும் அளவு அகலமானதுதான். எனவே தொழில்வழிப்பெயரின் உட்பிரிவாகப் பதவிவழிப்பெயர் என்று வைக்கலாமா?

மக்களின் தொகையைச் சொல்லும்போது எண்ணிக்கை என்றே எழுதுகிறேன், எல்லோருக்கும் தெரிந்த சொல். விகிதமாகச் சொல்லும் இடத்தில் நிகழ்வெண், பக்கத்தில் மீடிறன். ஆய்வாளர்கள் குடும்பப்பெயர் வரைபடங்களுக்கு 2005ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளை எடுத்துக்கொண்டார்கள், அங்கே எண்ணப்பட்டவை ஆட்கள் அல்ல, இணைப்புகள். அதையும் குறிப்பேன். மையர் வரும்போது ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தமிழில் எழுத்தெழுத்தாக விவரித்துவிடுகிறேன்.

இப்போதைக்கு முதல் வரி இப்படி இருக்கிறது, பிழை இருந்தால் திருத்துங்கள்:

'முல்லர் ஒரு ஜெர்மானியத் தொழில்வழிக் குடும்பப்பெயர். மூலப்பொருள் அரவை ஆலைக்காரர். ஜெர்மனியில் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது.'