4,29,49,67,297: ஃபெர்மா கோட்டைவிட்டதை மன்னிக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
2^(2^n)+1 வடிவில் (n = 0, 1, 2...; ^ என்றால் அடுக்கு) வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா எழுதினார். 3, 5, 17, 257, 65537 வரை சரிதான். அடுத்து n=5க்கு வரும் 2^32+1, அதாவது 4,29,49,67,297, காலைவாரியது. 1732இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதை 641 × 67,00,417 என்று உடைத்துக் காட்டினார். "மேதை வகுத்துக்கூடப் பார்க்கவில்லையா?" என்று கிண்டல் செய்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பத்து இலக்க எண், எல்லாம் கைக்கணக்கு. 641 என்பது 116ஆவது பகா எண். எத்தனை முறைதான் வகுப்பார் மனிதர்?

நெய்தல்:
116 முறை எதற்கு? ஒரு பகா எண் p இதை வகுத்தால், 2^32ஐ p-ஆல் வகுக்கும்போது மீதி −1 (அதாவது, p-இன் மடங்குக்கு ஒன்று குறைவு). வர்க்கம் எடுத்தால் 2^64க்கு மீதி 1. அதற்குக் குறைந்த எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஆகவே p−1, 64இன் மடங்காகத்தான் இருக்கும். இதற்குத் தேவைப்படுவது ஃபெர்மாவின் சிறு தேற்றம் (p-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் p−1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1) மட்டுமே, அதுவும் அதே 1640இல் அவரே சொன்னது! அப்படிச் சலித்தால் மிஞ்சுபவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை:
அந்தச் சல்லடையை இந்த எண்ணுக்குப் போட்டுக் காட்டியவர் ஆய்லர். பின்னால் வந்தவர்களுக்கு எல்லாம் சுலபம்தான்.

நெய்தல்:
ஐயா, அதே 1640இல் 2^37−1க்கு 223 ஒரு காரணி என்று ஃபெர்மா கண்டுபிடித்தார். அது பன்னிரண்டு இலக்க எண், இதைவிடப் பெரியது. அங்கே அவர் பிடித்ததும் இதே வழிதான்: காரணி 74k+1 வடிவில்தான் இருக்கும் என்று கண்டு 149, 223 என்று போனார். கருவி கையில் இருந்தது, இங்கே எடுக்கவில்லை.

பனங்காடு:
ஒருவேளை வகுத்துப் பார்த்து, நடுவில் ஓர் இலக்கம் தப்பியிருக்கலாம். இது வெறும் ஊகம், சண்டைக்கு வராதீர்கள். எனக்குப் பிடித்தது வேறு: இந்த எண்ணை வகுக்காமலேயே 641 இதன் காரணி என்று காட்டலாம். 641 = 5×2^7+1, கூடவே 641 = 5^4+2^4. முதலாவதன்படி 5×2^7க்கு மீதி −1, நான்காம் அடுக்கில் 5^4×2^28க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5^4க்குப் பதில் −2^4 வைத்தால் −2^32க்கு மீதி 1. முடிந்தது, 2^32+1 மீதியின்றி வகுபடும்.

கணக்குப்பிள்ளை:
அழகுதான், ஆனால் 641 என்று தெரிந்த பிறகு செய்த அலங்காரம். இன்னொன்று, 1640இல் அவர் இதை நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நம்புவதாகத்தான் சொன்னார். n=33க்கு வரும் எண் பகா எண்ணா இல்லையா என்று கணினி வைத்திருக்கும் நமக்கே இன்னும் தெரியாதே!

நெய்தல்:
அந்த எண்ணுக்கு 258 கோடி இலக்கங்களுக்கு மேல். இதற்குப் பத்து. n=5 முதல் 32 வரை ஒன்றுகூடப் பகா எண் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. ஐந்து எண்களை வைத்து "எல்லாமே" என்று சொன்னதுதான் என் புகார், கைக்கணக்கின் கஷ்டம் அல்ல.