ஜி9 வாழைல இலைப்புள்ளி, சூடோமோனாஸ் கேக்குமா?

ராமாபுரத்தான்:
கடலூர் ராமாபுரம் பக்கம் ஜி9 (கிராண்ட் நைன் ரக வாழை) போட்டிருக்கேன், ஆறாம் மாசம் ஓடுது. மழை விட்டும் விடாமலும் பேயறதுல கீழ் இலையெல்லாம் நரம்பு ஓட்டத்துலயே மஞ்ச கோடு கோடா வந்து, பழுப்பாகி, நடுவுல சாம்பலா காஞ்சிடுது. கடைக்காரர் புரோபிகோனசோல்னு பூஞ்சாணக்கொல்லி மருந்த அடின்றாரு, பக்கத்து கொல்லைக்காரர் சூடோமோனாஸ்ன்ற நன்மை செய்யற பாக்டீரியா பவுடரே போதும்ன்றாரு. யார் பேச்ச கேக்கறது?

பாகூர் மாமா:
அது சிகடோகாப்பா, பூஞ்சாணத்தால வர்ற இலைப்புள்ளி நோய். சூடோமோனாஸ் கேக்கும், ஆனா காஞ்ச இலைய பச்சையாக்கும்னு நெனைக்காத. பூஞ்சாணம் குருத்து விரியறப்பவே உள்ள பூந்துடும், உன் கண்ணுக்கு புள்ளி தெரியறதுக்குள்ள அந்த குருத்து மேலருந்து மூணாவது நாலாவது இலையாயிருக்கும். அதனால கீழ் இலைய விட்டுட்டு குருத்து, புதுசா விரிஞ்ச இலை, அதுவும் அடிப்பக்கம் நல்லா நனையணும், இலைத்துளை அங்கதான் அதிகம். லிட்டருக்கு 10 கிராம். பவுடர துணில வடிகட்டி ஊத்து, இல்லன்னா நாசில் அடைச்சி உசிர வாங்கும்.

அக்ரி ஸ்டூடண்ட்:
மாமா சொல்றது சரி. இந்த பாக்டீரியா இலை மேல எடத்த புடிச்சிக்கும், இரும்புச்சத்த பூஞ்சாணத்துக்கு கிடைக்காம இழுத்துக்கும், செடியோட எதிர்ப்பு சக்தியயும் தூண்டிவிடும். ஆனா உசிருள்ள சரக்கு, வெயில்ல செத்துடும், சாயங்காலம் அடிங்க. பாக்கெட்ல காலாவதி தேதி பாக்காம வாங்காதீங்க. வாழை இலை மெழுகு மாதிரி வழுக்கும், ஒட்டும் திரவம் சேக்கணும். காப்பர் மருந்தோட ஒரே டேங்க்ல கலக்கவே கூடாது.

விருத்தாசலம் விவசாயி:
எல்லாம் சரிதான் தம்பி, ஐப்பசி கார்த்திகை அடைமழைல வெறும் பாக்டீரியாவ மட்டும் நம்பி உக்காந்தா தார் சிறுத்துடும். நோய் ஏற்கனவே ஏறிட்டா லிட்டருக்கு புரோபிகோனசோல் 1 மில்லி, கூட பெட்ரோலிய மினரல் ஆயில் 10 மில்லி, அதுக்குன்னே விக்கறது, வண்டி ஆயில ஊத்திடாத. சூடோமோனாஸ மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். அதோட தண்ணி தேங்காம வாய்க்கால எடுத்து விடு, பக்கக்கன்ன வெட்டு, தோப்புக்குள்ள காத்து ஓடட்டும்.

ராமாபுரத்தான்:
அப்ப காஞ்ச இலைய முழுசா வெட்டிடலாமா? மரம் மொட்டையாயிடும் போலருக்கே.

பாகூர் மாமா:
முழுசா வேணாம், புள்ளி விழுந்த பாகத்த மட்டும் சீவி எடுத்து கொளுத்து. குலை தள்றப்ப மரத்துல எட்டு இலையாவது நிக்கணும், அப்பதான் காய் பருக்கும். இந்த மழைக்கு ஒரு தடவ புரோபிகோனசோல் அடிச்சிடு, ரெண்டு வாரம் கழிச்சி சூடோமோனாஸுக்கு மாறிக்க.