ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்: பவர் கூடுமா, பிக்கப் போகுமா?

மெயின்ஜெட்:
பைக்கில் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (புகையை அதிகம் தடுக்காம வெளியே விடுறது) மாட்டினதும் வர்ற சத்தத்தைக் கேட்டுட்டு பவர் கூடிடுச்சுன்னு நம்பாதீங்க. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் (வெளியேறும் புகைக்கு எதிரா வர்ற அழுத்தம்) வேணும். அதை எடுத்துட்டா 3000, 4000 ஆர்பிஎம்மில் இழுவை செத்துடும்.

நாலாம்கியர்:
இழுவை குறையுறது உண்மை, காரணம்தான் தப்பு நண்பரே. பேக் பிரஷர் எந்த இன்ஜினுக்கும் நல்லதில்லை. புகையை வெளியே தள்ளவே பிஸ்டன் சக்தியைச் செலவழிக்கணும். இழுவையைக் கெடுக்கிறது அளவுக்கு மீறி அகலமான பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போற வளைஞ்ச குழாய்). இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டும் சேர்ந்து லேசா திறந்திருக்கும் நேரத்தில், வேகமா ஓடுற புகை தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைச்சு புது காற்றையும் உள்ளே இழுக்கும். பைப் அகலமானா அந்த வேகம் போயிடும், டார்க், அதாவது இழுவை, மேல் ஆர்பிஎம்முக்கு நகர்ந்துடும். பெண்ட் பைப்பை அப்படியே விட்டு சைலன்சரை மட்டும் மாத்துங்க. எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டின்னா பெட்ரோல் அளவை ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) பார்த்துக்கும்.

மெயின்ஜெட்:
பைப் அளவு விஷயத்தை ஏத்துக்கறேன். ஈசியு பார்த்துக்கும்ங்கறதை ஏத்துக்க முடியாது. ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டு காற்று-பெட்ரோல் விகிதத்தை 14.7:1க்குத் திருத்துறது சீரா ஓட்டும்போது மட்டும்தான். முழு த்ராட்டிலில் 12.5இலிருந்து 13:1 வரை வேணும். அங்கே சென்சாரை விட்டுட்டு, முன்கூட்டியே பதிஞ்சு வச்ச மேப் டேபிளைத்தான் படிக்கும். பல பைக்குகளில் அந்த டேபிள் த்ராட்டில் திறப்பும் ஆர்பிஎம்மும் மட்டும்தான் பார்க்கும். கூடுதலா வந்த காற்று அதுக்குத் தெரியாது. லீன் ஆகி (காற்றுக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம) சூடு ஏறும். ரீமேப் பண்ணாம, அதாவது அந்த டேபிளைத் திருத்தாம, பவரைப் பத்திப் பேசவே கூடாது. கார்ப் (கார்புரேட்டர்) வண்டியில் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போற சின்னத் துளையை, ஒண்ணு ரெண்டு சைஸ் ஏத்தி ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்க்கணும்.

இழுவிசை:
ரெண்டு பேரும் இன்ஜினோட பெண்ட் பைப் சேர்ற ஜாயிண்டை விட்டுட்டீங்க. சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தா, ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் நடுவில் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் வோல்டேஜ் 0.45 வோல்ட்டுக்குக் கீழேயே நிக்கும். ஈசியு லீன்னு நினைச்சு பெட்ரோலைக் கொட்டும். பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், பழி சைலன்சர் மேல! பழைய கேஸ்கெட்டை (ஜாயிண்டில் வைக்கிற சீல்) திரும்பப் போடாதீங்க. முதல்ல எல்லா போல்ட்டையும் கையால் ஏத்தி, பிராக்கெட் நேரா உட்கார்ந்த பிறகு, இன்ஜின் ஹெட் பக்க நட்டு ரெண்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒண்ணை மட்டும் முழுசா இறுக்கினா ஃபிளாஞ்ச் (பைப் முனைத் தட்டு) சாய்ஞ்சுடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயைத் தடிமனான துணியால் பாதி அடைச்சு, ஜாயிண்டில் சோப்புத் தண்ணி தெளிச்சா குமிழி காட்டிக்கொடுக்கும்.

நாலாம்கியர்:
அப்போ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே (புகையிலிருக்கிற நச்சைக் குறைக்கிற பாகம்) எடுத்துட்டா? அடைப்பு அங்கேதானே?

இழுவிசை:
கூடவே கூடாது. நல்ல நிலையில் இருக்கிற கன்வெர்ட்டர் தடுக்கிறது சொற்பம். எடுத்தா கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வரும், பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. சந்தேகம்னா சென்சார் துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்க. ஆர்பிஎம் ஏத்தும்போது 3 பிஎஸ்ஐ தாண்டினா உள்ளே உருகி அடைச்சிருக்கலாம். அப்போ புதுசு மாத்தணும், வெறும் பைப் இல்லை.

மெயின்ஜெட்:
டைனோவில் (பவர் அளக்கிற மெஷின்) ஒரே கியர், ஒரே இன்ஜின் சூட்டில், மாத்துறதுக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்க. உச்ச பவரை மட்டும் பார்க்காதீங்க; 4000 ஆர்பிஎம்மில் கிராஃப் கோடு இறங்கியிருந்தா தினசரி ஓட்டத்துக்கு அது நஷ்டம்தான்.