"ஆபத்து 18% கூடும்" என்பதை எப்படி எழுதுவது?

கேள்வி:
தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி (சாசேஜ், ஹாம், பேக்கன்) சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடும் என்றது 2015 அக்டோபரில் வந்த ஐஏஆர்சி (உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை) அறிவிப்பு. புகையிலை உள்ள முதல் பிரிவிலேயே (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை) இதையும் சேர்த்தார்கள். "100 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய்", "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று எழுதலாமா?

மறுமொழி 1:
இரண்டுமே தவறு. 18% எதில் 18% என்று முதலில் கேளுங்கள். பிரிட்டன் கணக்கில், மிகக் குறைவாகச் சாப்பிடுவோர் 1000 பேரில் சுமார் 56 பேருக்கு வாழ்நாளில் அந்தப் புற்றுநோய் வரும். 56-இல் 18% ஏறக்குறைய 10. ஆக, நிறையச் சாப்பிடுவோரில் 66 பேர். இந்தியாவில் இந்த நோய் குறைவு என்பதால் அந்த 56-ஐ அப்படியே இங்கே எடுத்துப் போடாதீர்கள்.

மறுமொழி 2:
பிரிவு எண் சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே. பாதிப்பு எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தமிழில் இரண்டையும் 'ஆபத்து' என்றே எழுதிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 'கேடு செய்யக்கூடியது', 'கேடு வரும் வாய்ப்பு' என்று பிரித்து எழுதுங்கள். ஐஏஆர்சி அப்போதே மேற்கோள் காட்டிய உலக மதிப்பீடு: புகையிலையால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் புற்றுநோய் மரணங்கள், பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் 34,000.

மறுமொழி 3:
சதவீதத்தை மட்டும் சொன்னால் உயிருக்கே கேடாகலாம். 1995-இல் பிரிட்டனில், மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக்கட்டு ஆபத்து "இரட்டிப்பு" என்று எச்சரித்தார்கள். உண்மையில் 7000 பெண்களில் 1 என்பது 2 ஆனது, அவ்வளவுதான். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினர். மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பத்தில் ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதுதான் இதில் வேதனை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இப்படி எழுதினால் சரியா? "பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் 1000 பேரில் 10 பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரும்."

மறுமொழி 1:
'நிறைய', 'வாழ்நாளில்', 'பெருங்குடல்', 'பிரிட்டனில்' நான்கும் விடுபட்டிருக்கின்றன. இவை இல்லாவிட்டால், எப்போதோ ஒருநாள் சாசேஜ் தின்றவரும் பயப்படுவார். 'சுமார்' என்றும் சேருங்கள். இன்னொன்று: இறைச்சி விஷயத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே புற்றுநோயை 'உண்டாக்கும்' என்றது ஐஏஆர்சி. ஒரே ஒரு கண்காணிப்பு ஆய்வென்றால் (மக்களின் பழக்கத்தை மாற்றாமல் கவனித்து மட்டும் பார்ப்பது) 'தொடர்பு காணப்பட்டது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.