கூட்டமில்லாத பவளப்பாறையில் ஸ்கூபா: கட்மத் தீவு ஏற்றதா?

வினா (கோவை)
வணக்கம். ஸ்கூபாவில், அதாவது காற்றுக்கலத்துடன் கடலுக்கடியில் மூழ்குவதில், ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்று, புதுச்சேரியிலும் அந்தமானின் ஹேவ்லாக்கிலுமாகப் பதினான்கு முறை மூழ்கியிருக்கிறேன். ஹேவ்லாக்கில் ஒரே பாறையைச் சுற்றி நான்கு குழுக்கள் நின்றதால், மீனைவிடத் துடுப்புக் காலணிகளையே அதிகம் பார்த்தேன். வரும் பிப்ரவரியில் நானும் மனைவியும் லட்சத்தீவின் கட்மத் செல்ல எண்ணுகிறோம். அவருக்கு நீச்சல் தெரியும், ஸ்கூபா தெரியாது. ஆறு நாட்கள் போதுமா?

மறுமொழி 1 (கொச்சி)
பிப்ரவரி நல்ல தேர்வு. அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரைதான் அங்கே பருவம். தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் கடல் இடம் கொடுக்காது. கூட்டம் இல்லாததற்குக் காரணம், அங்கே போய்ச் சேருவது எளிதல்ல என்பதே. இந்தியருக்கும் நுழைவு அனுமதி வேண்டும். அது கைக்கு வருமுன் பயணச்சீட்டு வாங்காதீர்கள். விமானம் லட்சத்தீவின் அகத்தி தீவு வரைதான், அதுவும் குறுகிய ஓடுதளத்தில் இறங்கும் சிறிய விமானம். எனவே சொந்தக் கருவிகளில் முகக்கவசத்தையும் டைவ் கணினியையும் (ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கைக்கருவி) மட்டும் எடுத்துச் சென்று, மற்றவற்றை அங்கேயே வாடகைக்குப் பெறுங்கள். அகத்தியிலிருந்து கட்மத்துக்குப் படகில் செல்ல வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலிலும் வரலாம், ஆனால் ஏறக்குறைய ஓர் இரவு முழுவதும் அதிலேயே கழியும். ஆறு நாட்களில் இரண்டு பயணத்துக்கே போய்விடும்; எட்டு நாட்களாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி ஆழமற்ற காயலிலேயே (தீவுக்கும் பவளத்திட்டுக்கும் இடைப்பட்ட அமைதியான நீர்ப்பரப்பு) ஸ்நார்க்கலிங் செய்து, அதாவது மூச்சுக்குழாயுடன் நீர்மட்டத்தில் நீந்தி, பச்சை ஆமைகளைப் பார்க்கலாம். (அகத்திக் காயலில் இந்த ஆமைகள் கடற்புல்லை மேய்ந்தே தீர்த்துவிட்டு, வேறு தீவுகளின் காயல்களுக்கு நகர்ந்தது ஆய்வாளர்கள் பதிவு செய்த செய்தி.)

மறுமொழி 2 (சென்னை)
ஒரு திருத்தம். ஆள் குறைவு என்பதால் பவளம் செழிப்பாக இருக்கும் என்று எண்ணிச் செல்ல வேண்டாம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பமடைந்து லட்சத்தீவின் பவளங்கள் வெளுத்தன, அதாவது தமக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசிகளை இழந்தன. 2024 கோடையில் மீண்டும் கடுமையாக வெளுத்தன. உயிருள்ள பவளத்தின் பரப்பு 1998-க்குப் பிறகு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. காயலுக்குள் உடைந்த கிளைப் பவளக் குவியலைக் கண்டு நான் மனம் சோர்ந்தேன். ஆனால் பவளத்திட்டின் வெளிப்புறச் சரிவில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எங்கள் நால்வரைத் தவிர வேறு மனிதர் இல்லாத நீரில், மீன்கூட்டம் திரண்டு நின்றதைக் கண்டு அச்சோர்வை மறந்தேன். உங்கள் சான்றிதழின் வரம்பான 18 மீட்டருக்குள்ளேயே பார்க்கப் போதுமானவை உள்ளன.

வினா எழுப்பியவர்
மிக்க நன்றி. எட்டு நாட்களாக மாற்றிக்கொள்கிறோம். திரும்பும் நாள் காலையில் ஒருமுறை மூழ்கிவிட்டு, மதியம் அகத்தியில் விமானம் ஏறலாமா?

மறுமொழி 1 (கொச்சி)
கூடாது. பல நாட்கள் தொடர்ந்து மூழ்கியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் மேலே பறந்தால், விமானத்துக்குள் அழுத்தம் குறையும்போது அது குமிழிகளாகி உடலுக்குத் தீங்கு செய்யலாம். முந்தைய நாள் மதியத்துக்குள் கடைசி மூழ்கலை முடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் அகத்திக்குப் படகு ஏறுங்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.