திம்பம் ஏற ஒரு பழைய கார்: மூன்று சிலிண்டரா, நான்கு சிலிண்டரா?

தாளவாடி டீச்சர்:

வணக்கம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டியைப் பற்றித் தெரியாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வீடு கோபியில். வேலை தாளவாடியில், பள்ளிக்கூடத்தில். வார நாட்களில் அங்கேயே வாடகை வீடு. வெள்ளி சாயங்காலம் இறங்கி ஞாயிறு மதியம் ஏறுவேன். அதாவது வாரத்துக்கு ஒரு தடவை பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவும் ஏறியாக வேண்டும். மேலே உள்ளூர் ஓட்டமும் சேர்த்தால் மாதம் 900 கிலோமீட்டர் வரும். பல நாள் அம்மாவும் கூட வருவார். அவருக்கு முதுகுத் தண்டில் வலி உண்டு.

பட்ஜெட் 4 லட்சம். இரண்டு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டுமே பெட்ரோல், மேனுவல் கியர்.

2018 டாடா டியாகோ. 58,000 ஓடியது. ஒரே ஓனர், ஈரோட்டில் ஒரு வங்கி ஊழியர். 3.90 சொல்கிறார்.

2016 ஹூண்டாய் கிராண்ட் ஐ10. 41,000 ஓடியது. கோயம்புத்தூரில் ஒரு பழைய கார் கடையில் நிற்கிறது. 3.75 சொல்கிறார்கள்.

டியாகோவின் இஞ்சினில் மூன்று சிலிண்டர் (பெட்ரோல் எரியும் குழாய்களாம்), ஐ10-இல் நான்கு. இதைக் கேட்டதும் எங்கள் அப்பா, "மூணு சிலிண்டர் மலைக்கு ஆகாது கண்ணு, பாதி வளைவிலே உக்காந்துக்கும்" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. எங்கள் வீட்டில் 14 வருடம் மாருதி 800 இருந்தது. அதில் அவர் திம்பம் போகாத மாதமே கிடையாது, அதனால் மலை வண்டி பற்றி அவருக்குத் தெரியும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் டியாகோவை ஓட்டிப் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது. நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கில் லேசாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

ஒரு சிலிண்டர் குறைவாக இருப்பதால் உண்மையில் என்ன குறைகிறது? அம்மாவின் முதுகுக்கு அந்த நடுக்கம் ஆகுமா?

நாலுகால் பாய்ச்சல்:

மேடம், யோசிக்கவே வேண்டாம், ஐ10 எடுங்கள். நான் மூன்று வருடம் ஒரு மூன்று சிலிண்டர் வண்டி வைத்திருந்து நொந்து விற்றவன். சிக்னலில் நின்றால் மாவு மில்லில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கம்பெனிக்காரர்கள் செலவைக் குறைக்க ஒரு சிலிண்டரைப் பிடுங்கிவிட்டு மைலேஜ் என்று பெயர் வைக்கிறார்கள். நான்கு சிலிண்டர் வண்டியில் தண்ணீர் பாட்டிலை டேஷ்போர்டில் வைத்தால் தண்ணீர் அலையாது. அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

கிரீஸ் கை:

டீச்சருக்கு வணக்கம். மேட்டுப்பாளையத்தில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன், 22 வருடமாக. ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் ஏறி இறங்கும் வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

முதலில் அப்பா விஷயம். பக்குவமாகச் சொல்லுங்கள், மனசு சங்கடப்படக் கூடாது. அவர் 14 வருடம் திம்பம் ஏற்றிய மாருதி 800 மூன்று சிலிண்டர் வண்டிதான். 796 சிசி. 1983-ல் வந்த முதல் வண்டியிலிருந்து கடைசி வரை மூன்றுதான். அந்தக் காலத்தில் யாரும் சிலிண்டரை எண்ணவில்லை, வண்டி ஏறியது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இரண்டு வண்டிக்கு வருவோம். டியாகோ 1199 சிசி, சக்தி 85 பிஎஸ் (குதிரைத்திறன்). ஐ10 1197 சிசி, 83 பிஎஸ். இழுவை, அதாவது டார்க், இரண்டுக்கும் 114 நியூட்டன் மீட்டர். டியாகோவுக்கு அது இஞ்சின் நிமிடத்துக்கு 3500 சுற்று சுற்றும்போதே வந்துவிடும், ஐ10-க்கு 4000 வேண்டும். மலை ஏற்றுவது இழுவையும் கியரும்தான். அதனால் பாதி வளைவில் உட்காரும் என்ற பயத்தை இப்போதே விட்டுவிடுங்கள். மூன்று சிலிண்டர் என்ற கெட்ட பெயர் பெரும்பாலும் 800 சிசி, 1000 சிசி சின்ன வண்டிகளால் வந்தது. அங்கே குறைந்தது சிசி, பழி சிலிண்டர் மேல் விழுந்தது.

நடுக்கம் மட்டும் உண்மை. அது ஏன் என்று சொல்கிறேன். கிணற்றில் வாளியை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பீர்கள் அல்லவா? ஒரு கை விடுவதற்குள் அடுத்த கை கயிற்றைப் பிடித்துவிட்டால் வாளி சீராக ஏறும். கை மாற்றும்போது கொஞ்சம் தாமதித்தால் வாளி குலுங்கும். நான்கு சிலிண்டரில் இஞ்சின் அரைச் சுற்று சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு வெடிப்பு, 180 டிகிரிக்கு ஒன்று. ஒரு பிஸ்டன் தள்ளி முடிக்கும் இடத்தில் அடுத்தது தொடங்கும். மூன்றில் 240 டிகிரிக்கு ஒன்று. ஒரு தள்ளல் எவ்வளவு நீண்டாலும் 180-தான், மிச்சம் 60 டிகிரிக்குத் தள்ள ஆளில்லை. அந்த நேரம் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம்தான் சுழன்ற வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். வண்டி ஓடும்போது இது தெரியாது. 800 சுற்றில் சும்மா நிற்கும்போதுதான் தெரியும். நான்கு சிலிண்டர் அப்போது நொடிக்கு 27 தடவை வெடிக்கிறது என்றால் மூன்று 20 தடவைதான். மெதுவான துடிப்பு உடம்புக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, மூன்று சிலிண்டர் இஞ்சினுக்கு இரண்டு முனையும் சீசா பலகை மாதிரி மாறி மாறி ஏறி இறங்கப் பார்க்கும் குணம் உண்டு. இதையெல்லாம் உள்ளே வராமல் தடுப்பது இஞ்சின் மவுண்ட் ரப்பர். நாலுகால் பாய்ச்சல் அண்ணா மாவு மில் என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் மவுண்ட்டை மாற்றிப் பார்த்தாரா என்று கேட்க ஆசை. என் பட்டறைக்கு "வண்டி ஆடுது, வித்துடலாம்னு இருக்கேன்" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் புது மவுண்ட்டோடு சிரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

செலவைக் குறைக்கச் சிலிண்டரைப் பிடுங்கினார்கள் என்பதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. பாகம் குறைவு, உரசல் குறைவு, எடை குறைவு. ஆனால் மறைமலைநகரில் ஃபோர்டு செய்த எக்கோஸ்போர்ட் காரைப் பாருங்கள். 1.5 பெட்ரோலில் நான்கு சிலிண்டர் 112 பிஎஸ் தந்தது. 2017 கடைசியில் மூன்று சிலிண்டர் போட்டார்கள், 123 பிஎஸ் ஆயிற்று. நடுக்கத்தை அடக்க உள்ளே பேலன்ஸ் ஷாஃப்ட்டும் வைத்தார்கள். ஸ்விஃப்ட்டே 2024-ல் நான்கிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டது. அதில் சக்தி கொஞ்சம் குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சரி, பழைய வண்டி வாங்குகிறவருக்கு இதில் என்ன? மூன்று சிலிண்டரில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கோ காயிலோ ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. வண்டி துள்ளும், உடனே தெரியும். நான்கில் ஒன்று சோர்ந்தால் பழகாத ஆளுக்குப் பிடிபடாது, "கொஞ்சம் பிக்கப் கம்மி" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் பழைய நான்கு சிலிண்டரைத்தான் நான் இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பேன்.

பார்க்கப் போகும்போது காலை 7 மணிக்குப் போங்கள், முன்கூட்டி ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் என்னமோ மறைக்கிறார்கள். சில்லென்று ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் விட்டு ஏசியைப் போடுங்கள். உள்கண்ணாடியில் பின்னால் இருக்கும் போர்டு எழுத்தைப் படிக்க முடிகிறதா பாருங்கள். அப்புறம் அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஒரு மேட்டில் நிறுத்தி, முதல் கியரில் எடுங்கள். உங்கள் ரூட்டில் கரும்பு லாரி முன்னால் நின்றுவிட்டால் இதைத்தானே செய்ய வேண்டும். கிளட்ச் வாசனை வந்தால் விலையைக் குறையுங்கள். பிடித்திருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் போடச் சொல்லுங்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை. சில நூறு ரூபாய்தான். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது.

கோத்தகிரி டியாகோ:

நான் 2017 டியாகோ வைத்திருக்கிறேன், இதுவரை 82,000. மலையிலேயே ஓட்டம். கிரீஸ் கை அண்ணன் சொன்னதுக்கு மேல் ஒன்றுதான். கம்பெனி சொன்ன மைலேஜ் டியாகோவுக்கு 23.84, அந்தக் கால ஐ10-க்கு 18.9. இதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எனக்கு மலையும் சமவெளியும் கலந்து 16. அலுவலக நண்பரின் ஐ10 14 கொடுக்கிறது. உங்கள் 900 கிலோமீட்டருக்கு மாதம் 8 லிட்டர்தான் மிச்சம், 800 ரூபாய் சொச்சம்.

இன்னொன்று: மூன்றாவது கியரில் 1500 சுற்றுக்குக் கீழே போனால் வண்டி முனகும், உடம்பே அதிரும். கியரைக் குறைத்துவிடுங்கள். கியர் மாற்றச் சோம்பல் படுகிறவர்களுக்கு நான்கு சிலிண்டர்தான் லாயக்கு.

நாலுகால் பாய்ச்சல்:

மவுண்ட் மாற்றவில்லை. கேட்டதற்காகச் சொல்கிறேன். 80-க்கு மேல் பைபாஸில் அழுத்தும்போது வரும் அந்தக் கரகரப்புக்கு எந்த மவுண்ட் அண்ணா போடுவது?

கிரீஸ் கை:

அதற்கு மவுண்ட் இல்லை தம்பி. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் சொல்வது சரி, மேல் சுற்றில் நான்கு சிலிண்டரின் சுகமே தனி. தினம் சேலம் பைபாஸில் போகிறவர் என்றால் ஐ10-தான் சொல்லியிருப்பேன். டீச்சர் 27 வளைவில் எங்கே 80 தொடப் போகிறார்?

தாளவாடி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதற்கே போனது.

800 மூன்று சிலிண்டர் என்று சொன்னதும் அப்பா நம்பவில்லை. பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஆர்சி நகலை எடுத்துவந்து கண்ணாடி போட்டுப் பார்த்தார். சிலிண்டர் எண்ணிக்கை என்ற இடத்தில் 3. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் காலத்து மூணு வேற, இப்ப இருக்கற மூணு வேற" என்றார்.

சனிக்கிழமை கோயம்புத்தூர். காலை 7 மணிக்கே வருவோம், ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். போனபோது ஐ10-இன் பானெட் சூடு. "கழுவ எடுத்தோம்" என்றார்கள். ஏசி போட்டதும் உள்கண்ணாடியில் பின்னால் இருந்த டீக்கடைப் போர்டு இரண்டாகத் தெரிந்தது. நான்கு சிலிண்டர் இப்படி ஆடுமா என்று அப்பாவே கேட்டார். கம்ப்ரஷன் டெஸ்ட் என்ற வார்த்தையைச் சொன்னேன், "அதெல்லாம் நாங்க அனுமதிக்கறதில்லீங்க" என்று பதில் வந்தது. டீ மட்டும் குடித்துவிட்டு வந்தோம். 41,000 என்று காட்டிய வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்ததை அம்மாதான் கவனித்தார்.

ஞாயிறு ஈரோடு. டியாகோ சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் குலுங்கி அடங்கியது. அந்த மனிதரே பக்கத்துப் பட்டறைக்குக் கூட்டிப்போய் டெஸ்ட் போட அனுமதித்தார். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு மவுண்ட் மட்டும் வெடித்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். அதைச் சொல்லி 3.72-க்குப் பேசி முடித்தோம். அம்மா பின் சீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், முதுகைப் பற்றிப் பேச்சே இல்லை. சீட் உயரம் போதவில்லை என்று மட்டும் சொன்னார், ஒரு தலையணை போதும்.

அப்பா ஒரு மேம்பாலத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, கை பிரேக் போட்டு, முதல் கியரில் எடுத்துப் பார்த்தார். மூன்று தடவை. பின்னால் வந்த பஸ்காரர் திட்டினார்.

ஒரு சந்தேகம் மட்டும். ஆர்சியில் இன்னும் லோன் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. கடன் கட்டி முடித்துவிட்டேன், பேப்பர் பின்னால் தருகிறேன் என்கிறார். வங்கியில் வேலை செய்கிறவர்தானே, நம்பிப் பணம் கொடுக்கலாமா?

கிரீஸ் கை:

கொடுக்காதீர்கள் டீச்சர். நல்ல மனிதராகவே இருக்கட்டும். கடன் பாக்கி இல்லை என்ற வங்கியின் என்ஓசியும், லோன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வந்து, ஆர்டிஓவில் அந்தப் பதிவு நீங்கிய பிறகுதான் மீதிப் பணம். பெயர் மாற்றத்துக்கு 29, 30 இரண்டு படிவத்திலும் அவர் கையெழுத்தை இப்போதே வாங்கி வையுங்கள். அட்வான்ஸ் 10,000 போதும், அதையும் அக்கவுண்ட்டில் போடுங்கள்.

மவுண்ட்டுக்கு ஒரிஜினல் பாகமே போடுங்கள். மலிவு ரப்பர் போட்டால் அப்பா மறுபடியும் நான்கு சிலிண்டர் பேச்சை எடுத்துவிடுவார்.