சமூக இன்டர்ன்ஷிப்பும் வகுப்புப் பாடமும் ஒட்டவில்லையே, என்ன செய்வது?

இரண்டாமாண்டு மாணவி:
குடிமைப் பொறுப்பு பாடத்தோடு முதியோர் மையம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக ஓய்வூதிய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். நேற்று ஒரு பாட்டி கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆறாவது தடவை எதுக்கும்மா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. வகுப்பிலோ உரிமை, கடமை என்று விளக்கங்கள்தான். நான் செய்வது படிப்பா, வெறும் உதவியா?

முன்னாள் மாணவன்:
பாட்டி கேட்டதுதான் உங்கள் பாடம். அதை அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள். விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து திரும்பி வருகிறது, ஏன்? என் களப்பணியில் திரும்பி வந்த மனுக்களை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் முகவரிச் சான்று ஒன்றுக்காகவே வந்திருந்தன! என் செமஸ்டர் கட்டுரையே அதுதான். கல்வியியல் அறிஞர் டேவிட் கோல்ப் 1984-இல் விவரித்த கற்றல் சுழற்சியும் இப்படித்தான் போகும்: அனுபவம், அதை அசைபோடுவது, அதிலிருந்து ஒரு கருத்து, மறுபடி செய்து பார்ப்பது. நீங்கள் முதல் படியில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

களப்பணி ஒருங்கிணைப்பாளர்:
மையத்துக்கு என்ன தேவை என்று அவர்களிடமே கேளுங்கள். அசைன்மென்டுக்கு எது வசதி என்று தொடங்காதீர்கள். செமஸ்டர் முடிந்ததும் சொல்லாமல் நின்றுவிடும் மாணவர்களால் பெரியவர்கள் மனம் நொந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசி நாளை முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டாமாண்டு மாணவி:
நன்றி. பழைய ஐந்து விண்ணப்பங்களின் நகல் இருக்கிறதா என்று நாளைக்கே பாட்டியிடம் கேட்கிறேன்.